மிச்சத்தில் உருட்டிய பொரி உருண்டை

மகளின் பிறந்தநாள் கேக்கை நானே செய்கிறேன் என்று கிளம்பியது என் திமிர். துபாய் கராமாவில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே பேக்கரி இருக்கிறது. இருந்தும் விடவில்லை. கேக் ஒரு பக்கம் சரிந்து வந்தது, கிரீம் பூசி மறைத்தேன். பிறந்தநாள் முடிந்தபின் பார்த்தால் சமையல் மேடை நிறைய மிச்சம். ஒரு கட்டி வெண்ணெய், பெரிய டப்பாவில் பாதிக்கு மேல் அரிசிப் பொரி சீரியல், ஆஃபரில் வாங்கிய, பஞ்சு மாதிரி மார்ஷ்மெல்லோ மிட்டாய் பாக்கெட்டுகள், கலர் கலராகத் தூவுகிற சர்க்கரை மணிகள். எதையும் குப்பையில் போட எனக்கு மனசு வராது. என் கணவர் அதைக் கருமித்தனம் என்பார். நான் சிக்கனம் என்பேன்.

வெண்ணெயை உருக்கி மார்ஷ்மெல்லோவைக் கொட்டிக் கிளறினால் பசை மாதிரி இளகிவிடும். அதில் பொரியைப் போட்டுப் புரட்டித் தட்டில் பரப்பி வெட்டவேண்டும் என்று யூடியூபில் சொன்னார்கள். கார்த்திகை மாதம் வேறு நடந்துகொண்டிருந்தது, கை சும்மா இருக்குமா? வெண்ணெய் தடவிக்கொண்டு உருட்டிவிட்டேன். விரல் நுனியெல்லாம் சுட்டது. இருபத்துமூன்று உருண்டைகள், அசல் பொரி உருண்டை போலவே! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மதியம் ஏசி பார்க்க மெக்கானிக் வந்தார். எங்கள் கட்டடத்துக்கு வழக்கமாக வருகிறவர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஷார்ஜா ரோலாவில் எட்டுப் பேரோடு ஒரு ரூமில் இருக்கிறார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். ஊராக இருந்தால் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக இருந்திருப்பார். இங்கே டூட்டிக்கு அதெல்லாம் நடக்காது. யூனிஃபார்முக்குள் துளசி மாலை, காலில் சேஃப்டி ஷூ. அவருடைய நாலு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை, தை மாதம் ஆபரேஷன். அவளுக்காகத்தான் இந்த மாலை. மலைக்குப் போய்விட்டு ஆபரேஷனுக்கும் கூட இருக்கிற மாதிரி, கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தார்.

"ரூம்ல தினம் மீனு, கறிதான்க்கா. நான் தனி அடுப்பு, தனி சட்டி வச்சுக்கிட்டு மோர்ச்சோறு. ஒரு சின்னப் பிசகு வந்துடக் கூடாதுல்ல. புள்ள விசயம்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. தட்டை நீட்டினேன்.

"முட்டை கிட்டை போட்டிருக்காக்கா?"

"ஐயையோ, முட்டையே கிடையாது சாமி. சுத்த சைவம். மிஞ்சினதை வீணாக்காம நானே உருட்டினது. என்னை நம்பிச் சாப்பிடுங்க."

நின்றபடியே இரண்டு சாப்பிட்டார். மீதி எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவேண்டும்: எங்கள் வீட்டில் அத்தனையையும் தின்ன ஆளில்லை. என் மிச்சம் தீர்ந்தது, புண்ணியமும் சேர்ந்தது என்று உள்ளுக்குள் ஒரு குஷி.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த என் மகள் உருண்டை எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அம்மா, அவர் இப்போ வெஜ்தானே? மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் இருக்கு. என் ஃப்ரெண்ட் வெஜ், அவ தொடவே மாட்டா."

குப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினாள். மாட்டு ஜெலட்டின் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பதாம். எங்கள் வீட்டில் கோழியும் மீனும் உண்டு, அதனால் நான் இதையெல்லாம் படித்ததே இல்லை. இனிப்பென்றால் முட்டை இருக்கிறதா என்று ஒன்றுதான் பார்க்கத் தெரியும். முன்பக்கத்து ஹலால் முத்திரையைக்கூட, நல்ல சுத்தமான சரக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"தெரியாம செஞ்சதுல தப்பில்ல. நீ சொன்னா அந்த மனுஷன் உடைஞ்சுபோயிடுவான். பேசாம இரு" என்றார் கணவர்.

ஆனால் டப்பா மெக்கானிக்கிடம் இருந்ததே! மறுநாள் காலை போன் போட்டேன். பேச்சு வந்தது, உண்மை வரவில்லை.

"சாமி, அந்த வெண்ணெய் பழசு போல. உருண்டையைத் தூக்கிப் போட்டுடுங்க."

"அட போங்கக்கா, கமகமன்னு இருக்கு. தினம் பூசையில ஒண்ணு சாமிக்கு வச்சுப் படைச்சுட்டுத்தான் நான் சாப்பிடப்போறேன். தூக்கிப் போடுறதாவது!"

அந்த நிமிடம் சொல்லியிருக்கவேண்டும். உருட்டியபோது நான் தெரியாதவள். அந்த நிமிடத்தில் எல்லாம் தெரிந்தவள். "சரி சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தை மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது என் கையால் ஆனதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியபோது பாத்ரூமுக்குள் போய் அழுதேன். குழந்தை பிழைத்தது என்பதற்கு முன்னால், நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மாசியில் திரும்பி வந்தார். தாடி எடுத்திருந்தார். சபரிமலைப் பிரசாதம், அரவணைப் பாயச டின் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ஒரு பிசகு இல்லாம விரதம் முடிச்சேன்க்கா. அதான் எம்புள்ளையக் காப்பாத்திக் குடுத்துச்சு."

போனில் மகள் ஓடுகிற வீடியோவைக் காட்டினார். மார்பில் தழும்பு தெரிய, சிரித்துக்கொண்டே ஓடினாள். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "நூறு வயசு நல்லா இருக்கட்டும்" என்றேன்.

அந்த டின்னை என்னால் திறக்க முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. அலமாரியில் சர்க்கரை மணி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். தேதி முடிந்தும் அங்கேயே இருக்கிறது. போன வாரம் ஏசி ஃபில்டர் கழுவ வந்தவர் கேட்டார்.

"அரவணை எப்படி இருந்துச்சுக்கா?"

"அமிர்தமா இருந்துச்சு. அன்னைக்கே காலி பண்ணிட்டோம்."

"தெரியும்க்கா" என்று ஏணியில் நின்றபடி சிரித்தார். "நீங்கதான் எதையும் வீணாக்க மாட்டீங்களே."