இருநூற்று எழுபத்திரண்டு குதிரைத்திறன்

டெஸ்ட் செல் என்கிற சோதனை அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு என்ஜின் உடைவதை என் வேலைக் காலத்தில் மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டுக்கும் நான் காரணமில்லை. மூன்றாவதைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், மேடம் என்றுதான் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வருகிறது.

நான் வடக்குப்பட்டுக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடம் ரோட்டில் இருந்த ஒரு தனியார் டெஸ்ட் லேபில் சேர்ந்து, அங்கேயே சீனியர் இன்ஜினியராகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். சேர்ந்த புதிதில் வண்டி கொண்டுவருகிறவர்கள் என்னைப் பார்த்து, "ஏம்மா, டைனோ ஓட்டறவர் வரலியா?" என்று கேட்பார்கள். நான்தான் என்று சொன்னாலும், ரிசல்ட்டைப் பக்கத்தில் நிற்கும் ஆணிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைப்பேன். யார் கெஞ்சினாலும், யார் கத்தினாலும் அந்த நம்பர் மாறாது. 'வசந்தி மேடம் நம்பரை மாத்த மாட்டாங்க' என்று பெயர் வந்தது. அந்தப் பெயர்மேல் எனக்குக் கர்வம் இருந்தது.

1. சிவப்பு கார்

டைனோ தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரின் சக்கரங்களைத் தரையில் பதித்த இரும்பு ரோலர்மேல் ஏற்றி, வண்டி நகராமல் நாலு பக்கமும் ஸ்ட்ராப் போட்டு இறுக்குவோம். என்ஜினை முழு வேகத்தில் விட்டு, ரோலரை பிரேக் கொண்டு பிடிப்போம். அந்த பிரேக் எவ்வளவு பலமாக முறுக்கப்படுகிறது என்பதை லோட் செல் என்கிற உள்ளங்கை அளவு இரும்புக் கட்டி உணர்ந்து சொல்லும். அதையும் ரோலர் சுற்றும் வேகத்தையும் வைத்துக் கம்ப்யூட்டர் குதிரைத்திறனைக் கணக்கிடும். சொல்கிறவர் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், உண்மையான பவர் ரோலர்மேல் தெரிந்துவிடும். இப்படித்தான் நாங்கள் எல்லாரிடமும் சொல்வோம்.

ஜெயசீலனுக்குச் சேரப்பணஞ்சேரி. படப்பையில் சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களின் கார்களுக்கு என்ஜின் செய்து கொடுப்பதுதான் தொழில். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நேரில் பேசும்போது வா, போ என்றுதான் பேசுவேன். எழுதும்போது 'அவர்' என்றுதான் கை போகிறது.

அன்றைக்கு அவர் கொண்டுவந்தது இரண்டு சீட் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கார்த்திகேயன் என்ற சென்னைக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெரிய டர்போ வைத்து, என்ஜினை முழுவதுமாகப் புதிதாகக் கட்டித் தருவதாக ஜெயசீலன் ஒப்புக்கொண்டிருந்தார். ஏழு மாத வேலை. சக்கரத்தில் முந்நூற்றுப் பத்து குதிரைத்திறன் வரும் என்பது அவர் கொடுத்த வாக்கு.

"எந்த டைனோல வேணா ஏத்தலாம்னு சார் சொன்னாரு. நான்தான் இங்க வரலாம்னேன்," என்று ஜெயசீலன் கார்த்திகேயனைக் காட்டிச் சொன்னார். "அக்கா குடுக்கற நம்பர்னா ட்ராக்ல எவனும் மறுபேச்சு பேச மாட்டான்."

வண்டியை ஏற்றி, சூடாக்கி, ஒவ்வொரு ஆர்.பி.எம்.மிலும் நிறுத்திப் பிடித்து அளந்தேன். மூன்று ரன். மூன்றும் ஒரே மாதிரி வந்தன. வெயில் சூட்டுக்கான கரெக்‌ஷனையும் சேர்த்த பிறகு மேஜைமேல் வைத்த தாளில் இருந்தது இருநூற்று எழுபத்திரண்டு.

கார்த்திகேயன் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னா ஜெயசீலா, மீதி முப்பத்தெட்டு குதிரை படப்பையிலயே மேஞ்சிகினு இருக்கா?"

ஜெயசீலன் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தார்.

2. பதிவேடு

கார்த்திகேயன் கிளம்பிய பிறகு ஜெயசீலன் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். கையில் லேப்டாப். என்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்ற பதிவைத் திறந்து காட்டினார்.

"அக்கா, இதப் பாரு. இஞ்செக்டர் இவ்ளோ நேரம் தொறந்துகினு கீது. இவ்ளோ பெட்ரோல் உள்ள போவுது. கலவை கரெக்டா கீது, பொகை இல்ல. முந்நூத்திப் பத்துக்குக் குடிக்க வேண்டியத குடிக்குது. அப்ப பவர் எங்கக்கா போவும்?"

நல்ல கேள்வி. இன்று யோசித்தால், அந்த லேபில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். அன்றைக்கு எனக்கு அது ஒரு மெக்கானிக்கின் சமாளிப்பாகத்தான் பட்டது.

"கியர் பாக்ஸ்ல போவும், டயர்ல போவும். என்னைக் கேட்டா? மிஷின் பொய் சொல்லாது, தம்பி."

"ஒரே ஒரு தபா மிஷின செக் பண்ணிப் பாரேன்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. அலமாரியிலிருந்து கேலிப்ரேஷன் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் பிரித்துப் போட்டேன். வாரத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் டிக், ஓரத்தில் என் கையெழுத்து.

"வாரா வாரம் பாக்கறோம். படி."

அவர் படித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். "சரிக்கா. நீ போட்டிருக்கன்னா கரெக்டாதான் இருக்கும்," என்று லேப்டாப்பை மூடினார். "அப்ப தப்பு ஏங்கிட்டதான்."

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வாராந்தர செக் என்றால், டைனோவிலிருந்து நீளும் இரும்புக் கையில் இருபது கிலோ எடைக்கற்கள் ஐந்தை ஒவ்வொன்றாக மாட்டி, திரையில் நூறு கிலோ காட்டுகிறதா என்று பார்ப்பது. கடைசி ஒன்பது வாரங்களாக நான் எடையை மாட்டவே இல்லை. எடை ஸ்டாண்டுக்கு முன்னால் வேறொரு ப்ராஜெக்டின் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றை நகர்த்த ஆள் கேட்டேன், வரவில்லை. வேலை குவிந்து கிடந்தது. அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எடையைத் தப்பாகக் காட்டாத மிஷின்தானே என்று வெள்ளிக்கிழமைதோறும் டிக் போட்டேன். அந்தப் பக்கத்தைத்தான் சாட்சியாக அவர் முன்னால் விரித்தேன். விரிக்கும்போது எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

3. இரண்டாவது முறை

அந்தத் தாளை போட்டோ எடுத்து, கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கார்த்திகேயன் போட்டுவிட்டார். ஜெயசீலனிடம் வேலை கொடுத்திருந்த இரண்டு பேர் அந்த வாரமே தங்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜெயசீலன் என்ஜினை முழுக்கப் பிரித்தார். கம்ப்ரெஷன், வால்வு, டர்போ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. இல்லாத குறையை எங்கே கண்டுபிடிப்பது? மீண்டும் கட்டினார். பதினேழாம் நாள் வண்டியை மறுபடி ஏற்றினோம். கண் சிவந்து, முகம் வற்றிப்போய் இருந்தார்.

முதல் ரன்னில் இருநூற்று எழுபத்து மூன்று.

டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, அவர் ஏற்றினார். இருநூற்று எண்பத்து நான்கு. தீப்பொறி விழும் நேரத்தை, இக்னிஷன் டைமிங்கை, முன்னே தள்ளினார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. கார்த்திகேயன் கண்ணாடியோரம் நின்று, "வருது, வருது. இன்னும் குடு," என்றார்.

"சார், இந்த ராடு இதுக்கு மேல தாங்காது."

"முந்நூத்திப் பத்துன்னு சொன்னது நீதான?"

ஜெயசீலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். டைனோ ஆபரேட்டருக்கு அந்த அதிகாரம் உண்டு. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் கொஞ்சம் பூஸ்ட். திரையில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்து நின்ற நொடியில் காருக்குள் சம்மட்டியால் ஒரு போடு போட்டதுபோலச் சத்தம். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினேன். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் இரண்டாகி வெளியே வந்து கிடந்தது. கொதிக்கிற ஆயில் ரோலர்மேல் வழிந்து புகைந்தது.

கார்த்திகேயன், "இதுக்கு நீதான் பதில் சொல்லணும்," என்று ஜெயசீலனிடம் சொல்லிவிட்டு வெளியே போய் போனை எடுத்தார். ஜெயசீலன் கந்தல் துணியைக் கேட்டு வாங்கி, முட்டிபோட்டு ரோலரைத் துடைக்கத் தொடங்கினார். "விடு தம்பி, ஹவுஸ்கீப்பிங் வந்து பாத்துப்பாங்க," என்றேன். அவர் கேட்கவில்லை. முழுவதையும் துடைத்து முடித்த பிறகுதான் எழுந்தார்.

இரண்டு மாதத்தில் வொர்க்‌ஷாப்பை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. ஆனாலும், சொன்னதைச் செய்ய முடியாதவர் வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

4. ஆடிட்

அதற்கும் இரண்டு மாதம் கழித்து, எங்கள் மிஷின்கள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்க ஒரு ஆடிட்டர் வந்தார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "என் முன்னாடி ஒரு தடவ வெயிட் மாட்டிக் காட்டுங்க," என்றார். ஆடிட்டுக்காகப் பெட்டிகளை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து கற்களையும் நானே மாட்டினேன்.

திரையில் எண்பத்தெட்டு.

கழற்றி மறுபடி மாட்டினேன். எண்பத்தெட்டு.

அன்று பிற்பகலிலேயே காரணம் தெரிந்தது. அந்த ஒன்பது வாரங்களுக்கு முன்னால் பழைய லோட் செல் பழுதாகி, சர்வீஸ்காரர் புதிது மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு செல்லுக்கும் அதன் சிக்னலை எடையாக மாற்றத் தனியாக ஒரு எண் உண்டு, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். புது செல்லின் எண் அச்சடித்த அட்டை பிரிக்காத கவரோடு அது வந்த பெட்டியிலேயே கிடந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது பழைய செல்லின் எண். நாங்கள் அளந்த எல்லாமே நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. அந்த மாதங்களில் எங்களுக்கு வந்த மற்ற வேலைகளெல்லாம் ஒப்பீடுகள். ஒரே வண்டியில் பழைய சைலன்ஸர் எப்படி, புது சைலன்ஸர் எப்படி என்பது மாதிரி. இரண்டும் ஒரே அளவு குறைந்தால் யாருக்குத் தெரியும்? முழு நம்பரை நம்பி வந்த ஒரே வண்டி அந்தச் சிவப்பு கார்தான்.

கால்குலேட்டரை எடுத்தேன். ஜெயசீலன் முதல் நாள் கொண்டுவந்த என்ஜின் கொடுத்தது முந்நூற்றொன்பது. அது உடைந்த நொடியில் கொடுத்துக்கொண்டிருந்தது முந்நூற்று முப்பத்தொன்பது. அவர் கட்டியது சரியாக இருந்தது. அதை உடைக்க வைத்தது நான்.

மேனேஜர் கோபிநாத்திடம் போய், பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி லேபின் பெயரில் கடிதம் அனுப்ப வேண்டும் என்றேன்.

"இன்னாம்மா வசந்தி, புரிஞ்சிதான் பேசறியா? லெட்டர் போட்டா நாளைக்கே நோட்டீஸ் வரும். கஸ்டமர் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல இல்ல? மிஷினைச் சரி பண்ணிட்டோம், அத்தோட விடு."

"சார், ஒரு ஆளோட தொழிலே போயிடுச்சு."

"உன் கையெழுத்துதான எல்லாத்துலயும் கீது? உன் வேலையையும் சேத்து யோசி."

யோசித்தேன். பதினோரு நாள் யோசித்தேன். அந்தப் பதினோரு நாளையும் எழுதத்தான் வேண்டும். அந்த நாட்களில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், டைனோ ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் வெள்ளைத் தாளில், என் சொந்தப் பெயரில், நடந்தது முழுவதையும் எழுதி இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைப் போட்டோ எடுத்துக் கார்த்திகேயனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். குழுவிலும் போடச் சொல்லிக் கேட்டேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. குழுவில் அவர் போடவில்லை.

5. பஸ் ஸ்டாப்

ஜெயசீலன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தார். செகண்ட் ஷிஃப்ட். மதியம் சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பார் என்று சொன்னார்கள். போனேன். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாக்கா, இங்க?"

"உன்னைத்தான் பாக்க வந்தேன். இப்ப இன்னா வேலை?"

"சீட்டுக்குப் போல்ட் போடறேன். அளவு மிஷினே பாத்துக்கும். சத்தம் வந்தா போதும், விட்டுட்டு அடுத்தது."

சொன்னேன். லோட் செல், பிரிக்காத அட்டை, எண்பத்தெட்டு கிலோ, எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டில் இருந்த டிக் எல்லாம் மாட்டாமல் போட்டவை என்பதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எவ்ளோ வருது?"

"முந்நூத்தி ஒம்போது."

உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் கடிதத்தை நீட்டினேன். வாங்கி முழுவதையும் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"இத யார்ட்டக்கா காட்டறது? டூல்ஸையெல்லாம் குடுத்துட்டேன். கடைல இப்ப பிரியாணி போடறாங்க."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அன்னிக்கு நான் கேட்டப்பவே அந்த வெயிட்ட மாட்டிப் பாத்திருந்தா எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"பொட்டிய நகத்தறதோட சேத்து இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷம்," என்றார். பஸ் வந்து நின்றது. உள்ளே இருந்து யாரோ, "ஜெயசீலா, ஏறு, டைம் ஆச்சு," என்று கூப்பிட்டார்கள். வரேன்க்கா என்றுகூடச் சொல்லாமல் ஏறிப் போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கடிதம் எழுதியதற்காக எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அது பெரிய விஷயமில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மாட்டாத எடைக்கு டிக் போடாதீர்கள். உங்கள் நம்பர் தப்பு என்று எதிரே நிற்பவர் சொன்னால், அவர் எண்ணெய்க் கையோடு வந்த மெக்கானிக்காகவே இருந்தாலும், பதிவேட்டை எடுக்காதீர்கள். எழுந்து போய் எடையை மாட்டுங்கள். அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மாட்டுங்கள்.