கட்டிலோடு கரையேறினோம்

தங்கையின் பிரசவத்துக்காக ராசிபுரத்திலிருந்து கடலூருக்குப் போயிருந்தேன். அவள் கணவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், கடலூர்த் துறைமுகத்தில் வேலை. கடற்கரையை ஒட்டிய கூரை வீடு. குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஒரு மத்தியானம் அவர் ஓடி வந்து, "புயல் கூண்டு ஏத்தீட்டாங்க, கிளம்புங்க!" என்றார்.

அவருடைய அம்மா அசையவில்லை. "பச்ச ஒடம்புக்காரிய மழைல நடக்க வெச்சா சன்னி கண்டுரும்" என்றார்.

கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாசல்வரை அலை வந்து திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன். "ஏனுங்க அத்தை, அவ நடக்க வேண்டாமுங்க. கட்டலோட தூக்கிக்கலாமுங்க. நனையாம நான் பாத்துக்கறனுங்க" என்றேன். அந்த அம்மாள் பேரனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

தங்கையைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, பாய்களால் மூடிக் கட்டினோம். முன்னால் அவள் கணவர், பின்னால் நான். எதிர்க்காற்று எங்களைப் பிடித்துத் தள்ளியது. எப்படியோ மேட்டிலிருந்த கல் சத்திரத்துக்குள் நுழைந்துவிட்டோம்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் வெறும் மணல். திரும்பி வந்தபோது சத்திரத்தில் குழந்தை பாலுக்கு வீறிட்டு அழுதது. "எங்கூட்டையே சொமந்து கொண்டாந்துட்டியே சாமி!" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஐப்பசியில் கிழக்கே கறுத்தால், ராசிபுரத்தில் எங்கள் தெருவில் கூரை வீடுகளில் இருக்கும் நடக்க முடியாதவர்களை முதலில் கல் வீடுகளுக்குக் கொண்டுபோகிறேன். போன மழையில் மூன்று பேரைத் தூக்கினோம். ஒருவர்கூட நனையவில்லை!