அவள் எனக்குத் தமிழில் சொன்னது

நான் படித்த கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு அந்த ஒரு பருவத்தில் மூன்று பயிற்றுவிப்பாளர்கள் வந்துபோனார்கள். செப்டெம்பரில் பத்தொன்பது பேராகத் தொடங்கினோம். ஏப்ரலில் கடைசி ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தோம். இடையில் நடந்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது. அதை நான் மாதக்கணக்காக மறைத்துவைத்திருந்தேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஹொலண்டிலிருந்து நாங்கள் லண்டனின் இல்ஃபோர்டுக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா எலக்ட்ரீஷியன். அங்கே செய்த வேலையையே இங்கேயும் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. என் ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பில் சிரிப்பார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அங்கே பந்தைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். அது எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு முன்னால் பின்களத்தின் நடுவில் விளையாடியவள்தான் என் தோழி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இல்ஃபோர்டில் பிறந்தவள். மருந்தாளர் படிப்புக்குப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கேட்டிருந்தாள். நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலத்தில்தான். மைதானத்துக்குள் மட்டும் தமிழ், எதிரணிக்கு விளங்காதென்பதால். “விடு”, “பின்னாலை”, பந்து எனக்கு என்பதற்கு “என்ர” என்று நாலைந்து சொற்கள் போதும். மற்றப் பெண்களும் “விடு”வைப் பழகிக்கொண்டு கத்தினார்கள். கானாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி எங்களைவிட அழகாக அதைச் சொல்வாள்.

முதலாவது பயிற்றுவிப்பாளர் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்துப் பெண். தானும் விளையாடி, முழங்கால் பழுதாகி நிறுத்தியவர். பிழை விட்டால் கத்தமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, திரும்பச் செய் என்பார், அவ்வளவுதான். அவரிடம் ஒரு விதி இருந்தது. தலையில் அடிபட்டால் வெளியே வரவேண்டும். எப்படிப்பட்ட அடி, எத்தனை நிமிடம் மிச்சம் என்ற பேச்சே இல்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே ஒருத்தியை அப்படி அழ அழ வெளியே இருத்தினார். அந்த ஆட்டத்தில் தோற்றோம். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒக்டோபர் விடுமுறை முடிந்து போனபோது அவர் இல்லை. விளையாட்டுக்கு ஒதுக்கிய மணித்தியாலங்களைக் கல்லூரி குறைத்துவிட்டது. அவருக்கு வேறோர் ஊரில் முழுநேர வேலை கிடைத்திருந்தது. கல்லூரி எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று கிழமை நாங்களே பயிற்சி செய்தோம், அல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டு மழைக்கு ஒதுங்கி நின்றோம். ஐந்து பேர் நின்றுவிட்டார்கள்.

இரண்டாமவர் ஓர் இளைஞர், நவம்பர் முடிவில் வந்தார். இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. தற்காலிக வேலைதான். ஒரு கோப்பை வென்று காட்டினால் நல்ல கழகம் ஒன்றில் இடம் பிடிக்கலாம் என்று முதல் நாளே எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அந்த வெளிப்படை பிடித்திருந்தது. ஓட வைத்தார், இடங்களை மாற்றினார், பிந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். இன்னும் மூன்று பேர் போனார்கள். எஞ்சிய பதினொரு பேரும் வெல்லத் தொடங்கினோம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கையுறை கிழிந்திருந்ததைக் கண்டு, மறுநாளே தன்னுடைய பழைய சோடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தவர்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, கல்லூரிகளுக்கிடையிலான கோப்பையின் காலிறுதிக்காகத் தெற்கு லண்டனின் சட்டன் பக்கம் போனோம். பதினொரு பேர். மாற்றுக்கு ஒருவரும் இல்லை. முதல் பாதியில் எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டோம். இரண்டாம் பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கமே கிடந்தது. முடிய இருபது நிமிடம் இருக்கையில் எதிரணிக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. குத்தி வெளியே தள்ளலாம் என்று நான் முன்னால் பாய்ந்தேன். “என்ர” என்று கத்தினேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவளும் எழும்பினாள். என் முழங்கை அவளுடைய நெற்றிப்பொட்டில் இறங்கியது.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவள் பக்கவாட்டில் விழுந்து, சில விநாடிகள் புல்லைப் பிடித்தபடி கிடந்தாள். நடுவராக நின்றவர் மற்றக் கல்லூரியின் ஆசிரியர். முடிவை எங்கள் பயிற்றுவிப்பாளரிடம் விட்டார். அவர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்து, எங்கே நிற்கிறோம், எத்தனைக்கு எத்தனை, என்ன கிழமை என்று கேட்டார். மூன்றுக்கும் அவள் சரியாகப் பதில் சொன்னாள். அவர் அவளுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடக் குனிந்தபோது அவள் என்னைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னாள்:

“எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. சொல்லிப்போடாதை.”

எங்கள் இருவரையும் தவிர அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. பயிற்றுவிப்பாளர் நிமிர்ந்து, உனக்குத்தான் அவளை நன்றாகத் தெரியும், அவள் விளையாடலாமா என்று என்னிடம் கேட்டார். எனக்குள் ஓடியது இரண்டே எண்ணங்கள். அவள் போனால் நாங்கள் பத்துப் பேர். அடித்தது என் கை. முதலாமவர் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திராது. இவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். அவளுக்கு ஒன்றுமில்லை என்றேன்.

அந்த இருபது நிமிடத்தில் அவள் இரண்டு தடவை பந்தைத் தலையால் அடித்து வெளியேற்றினாள். இரண்டாவது தடவை கால் தடுமாறியதைப் பின்னால் நின்ற நான் கண்டேன். நாங்கள் வென்றோம். எல்லோரும் அவள் மேல் பாய்ந்து கட்டிப்பிடித்தார்கள்.

திரும்பும்போது மினிபஸ்ஸைப் பயிற்றுவிப்பாளரே ஓட்டினார். வழியில் நோர்பரித் தமிழ்க் கடைகளில் விளக்குப் போடும் நேரம். வெளிச்சம் கண்ணைக் குத்துவதாகச் சொல்லி அவள் மேற்சட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு சப்பாத்துப் பைக்குள் வாந்தி எடுத்தாள். அவர் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, பயணம் ஒத்துக்கொள்ளவில்லையா என்று விசாரித்தார். அவள் என் பக்கம் திரும்பி, இன்றைக்கு யாரோடு ஆட்டம், நாங்கள் பிந்திவிட்டோமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவருடைய முகம் வெளுத்துப்போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

அவளுடைய அம்மா வந்துசேரும்வரை அவர் எங்களோடு அங்கேயே இருந்தார். ஒரு தடவை மட்டும், அவள் உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதி ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. தலையிடி விடவில்லை. ஒரு பக்கம் வாசித்தால் அவளுக்கு வாந்தி வந்தது. வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். பெற்றோர் கல்லூரிக்கு முறைப்பாடு எழுதினார்கள். மார்ச் மாதத்தில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு வயது குறைவு என்பதால் அப்பாவும் வேலைச் சட்டையோடு வந்து பக்கத்தில் இருந்தார். மேசைக்கு அப்பால் மூன்று பேர். ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அடிபட்ட பின் அவள் தனக்கு என்ன செய்கிறது என்று எதையாவது சொன்னாளா என்றார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பயிற்றுவிப்பாளர் உன்னிடம் கேட்டாரா என்றார்கள். ஓம், கேட்டார் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு நினைவில்லை என்றேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பிள்ளை உன்னட்டை ஏதோ சொன்னவள்” என்றார்.

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

“நானும் அகதிக் கேசிலை கன கேள்விக்குப் பதில் சொன்னவன். மறைக்கிற ஆக்கள் கேள்வி கேக்கிற ஆளைப் பாக்க மாட்டினம். எழுதுற ஆளைத்தான் பாப்பினம். நீ அந்த மனுசியின்ர கையையே பாத்துக்கொண்டிருந்தனி.”

“சொல்லாதை எண்டு அவள்தான் கேட்டவள், அப்பா.”

“திரும்பிப் போய்ச் சொல்லுவமோ? நானும் வாறன்.”

ஏலாது என்று தலையை ஆட்டினேன். பஸ் வந்தது. அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவும் இல்லை. அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று சில நாட்களில் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயமில்லை என்பதும் தெரியும்.

அடுத்த கிழமையே இரண்டாமவரின் வேலை போனது. தன் பொருட்களை எடுக்க வந்தவர் எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னிடம் வந்தபோது, நீ கண்டதைத்தானே சொன்னாய், இதை மனதில் வைத்துக்கொண்டு திரியாதே என்றார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதாக எங்களுக்குக் கிடைத்தவர் கல்லூரி நூலகர். மிகவும் நல்லவர். ஒரு முழு ஆட்டம்கூடப் பார்த்திராதவர். விதிகளைக் கைபேசியில் பார்த்துப் பார்த்துச் சொல்வார். அரையிறுதிக்கு ஒன்பது பேருடன் இறங்கினோம். எட்டாவது கோலுக்குப் பிறகு நான் எண்ணுவதை நிறுத்தினேன். பந்து வந்த ஒவ்வொரு தடவையும் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கோட்டைவிட்டு நகராமல் நின்றேன். முன்னால் பாயும்படி எல்லோரும் கத்தினார்கள். என்னால் ஏலவில்லை. கடைசி லீக் ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தோம். ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. நடுவர் கால் மணித்தியாலம் பார்த்துவிட்டு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நூலகர் தான் சுட்டுக் கொண்டுவந்த கேக்கை எங்களுக்கு வெட்டித் தந்தார். நின்றபடியே சாப்பிட்டோம்.

அந்தச் சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். அவளுடைய அம்மாதான் கதவைத் திறந்தார்.

“உள்ளை வா பிள்ளை. லைட்டைப் போட்டிடாதை, அவளுக்கு ஏலாது.”

பகலில் திரைச்சீலை மூடிய அறை. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அம்மா வாசலில் நின்றபடி அந்தப் பயிற்றுவிப்பாளரைத் திட்டித் தீர்த்தார். கண்ணிருந்தும் குருடன் என்றார், என் பிள்ளையின் தலையை விற்றுக் கோப்பை வாங்கப் பார்த்தான் என்றார். அவர் தேத்தண்ணி போடப் போன பிறகு அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றாள், இந்த முறை ஆங்கிலத்தில். தானே கேட்டு விளையாடியதாகத் தெரிந்தால் அம்மா உடைந்துபோவாராம். சரி என்றேன். இரண்டாவது தடவையும் அவள் கேட்டதற்குச் சரி என்றேன்.

அவள் பரீட்சை எழுதவில்லை. ஓகஸ்டில் பெறுபேறு வந்த நாள், என் தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் அவளுடைய வீட்டுக்கு நடந்தேன். அவள் வைத்தியரிடம் போயிருந்தாள். அம்மா மட்டும் இருந்தார். சமையலறையில் நின்று முழுவதையும் சொன்னேன்: என் முழங்கை, அவள் தமிழில் சொன்னது, அவர் கேட்டது, நான் சொன்ன பதில், விசாரணையில் மறைத்தது. அவர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவளுக்கும் பதினேழு வயசு, உனக்கும் பதினேழு வயசு” என்றார் கடைசியில். “உன்னை நான் குற்றம் சொல்லேல்லை. ஆனா நீ இனி இங்கை வராதை, பிள்ளை. உன்னைப் பாத்தால் எனக்கு அதுதான் நினைவு வரும்.”

செப்டெம்பரில் கல்லூரிக்கும் கடிதம் எழுதினேன். அந்த மனிதர் என்னிடம் கேட்டார், நான்தான் பொய் சொன்னேன் என்று. அவர் இப்போது இங்கே வேலை செய்வதில்லை, விசாரணை முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவரை நானாகத் தேடினேன். ஒரு பழைய படம் மட்டும் இணையத்தில் கிடைத்தது. அவர் எங்கே போனார், இன்னும் பந்தோடு சம்பந்தம் உண்டா என்று தெரியாது. அந்த வருடம் கல்லூரி பெண்கள் அணி சேர்க்கவில்லை.

போன வருடம் ஒரு கலியாண மண்டபத்தில் அவளைக் கண்டேன். ஒலிபெருக்கிக்கும் மேடை விளக்குகளுக்கும் எட்டாத கடைசி மேசையில் தனியாக இருந்தாள். கவுன்சில் அலுவலகம் ஒன்றில் அரை நாள் வேலை பார்க்கிறாளாம். முழு நாள் தலை தாங்காது என்றாள். மருந்தாளர் படிப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அம்மா சுகமாக இருக்கிறார் என்றாள்.

“நீ இப்பவும் விளையாடுறியோ?” என்று கேட்டாள்.

“இல்லை. அந்த வருசத்தோடை விட்டிட்டன்.”

“நீ விளையாடியிருக்கலாம்” என்றாள்.

அதைக் கோபமாகச் சொன்னாளா, இரக்கமாகவா என்று எனக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் குறையட்டும், பிறகு வாறன் என்று சொல்லி அவள் அங்கேயே இருந்துவிட்டாள்.