குட்டைக்குச் சுத்தமான தண்ணீர்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குட்டைக்காரர் என்றால்தான் தெரியும். ஊர்ச் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் இரண்டு கழிவுநீர்க் குட்டைகளை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். நான் ஊரின் மறுகோடியில், குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலக்கிறவன். ஊருக்குள் போகிற தண்ணீர் என் கையில், வெளியே வருகிற தண்ணீர் மாமா கையில் என்று பெருமையடித்துக்கொள்வேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதல் குட்டையை வற்றவைத்துச் சேறு அள்ளினார்கள். கரை இளகல் என்பதால் இயந்திரம் இறங்கவில்லை. மாமா நாற்பது நாள் இடுப்பளவுச் சேற்றில் நின்றார். அன்றைக்குப் போன முழங்கால் இன்னும் திரும்பி வரவில்லை. இப்போது ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருக்கையில் சேறு மறுபடி ஏறிவிட்டது.

"இன்னொரு தடவை எறங்கினா என்னைத் தூக்கிட்டுத்தான் வரணும்" என்றார். அக்கா அவர் காலுக்குத் தைலம் தேய்த்தாள்.

அப்போதுதான் எங்கள் பேரூராட்சிப் பொறியாளரம்மா ஒரு பெட்டி நிறைய நுண்ணுயிர்ப் பொடி கொண்டுவந்தார். ஊறவைத்துக் குட்டையில் ஊற்றினால் அந்த உயிர்கள் பெருகிச் சேற்றைத் தின்னுமாம். ஆறு மாதத்தில் ஒரு சாண் இறங்கினால் போதும், அள்ள வேண்டியதில்லை.

பொட்டலத்தில் எழுத்து எறும்பு சைஸில் இருந்தது. மாமாவுக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

"படிச்சுச் சொல்லு மாப்ள."

'சுத்தமான தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறவைக்கவும்.' அந்த வரியோடு நிறுத்திக்கொண்டேன். சுத்தமான தண்ணீரைப் பற்றி எனக்கா பாடம் எடுப்பது?

"என் தொட்டியிலேர்ந்தே தர்றேன் மாமா. இதைவிடச் சுத்தம் எங்கயும் கெடைக்காது."

வாரம் இரண்டு டிரம் கொண்டுபோய் இறக்கினேன். அவர் டிரம்மின் மேல் ஈரச்சாக்கு போர்த்தி, ஆறு மணி நேரம் காத்திருந்து, "சாப்பிடுங்கடா, நல்லாச் சாப்பிடுங்க" என்று குட்டையில் ஊற்றுவார். மாதக் கடைசியில் தட்டைப் படகில் போய், வெள்ளைத் துண்டு சுற்றிய கம்பைப் பன்னிரண்டு இடத்தில் இறக்குவார். துண்டில் எவ்வளவு உயரம் கறுப்பு ஏறுகிறதோ அவ்வளவு சேறு. அந்தத் துண்டை அக்கா தனிக் கொடியில் காயப்போடுவாள்.

ஐந்து மாதமும் கறுப்பு ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"இதுங்களுக்கும் என்னை மாதிரியே அலுத்துப்போச்சு போல" என்றார் மாமா. சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா வீட்டு மேஜை ஆடுகிறதென்று காலுக்கடியில் வைக்க ஒரு காலிப் பொட்டலத்தை மடித்தேன். இரண்டாவது வரி கண்ணில் பட்டது. 'குளோரின் கலந்த தண்ணீர் கூடாது. நுண்ணுயிர்கள் இறந்துவிடும்.'

கிருமியைக் கொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான்.

"மாமா, நான்தான் கொன்னுட்டேன்" என்று வரியைப் படித்துக் காட்டினேன்.

அவர் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு மாசமா பொணத்தையா ஊத்திட்டிருந்தேன்?"

மறுநாளிலிருந்து குளோரின் படாத குட்டைத் தண்ணீரிலேயே பொடியை ஊறவைத்தார். ஆறாவது மாதம் கறுப்பு இரண்டு விரல் இறங்கியது. பொறியாளரம்மாவிடம் போய் என் தப்பைச் சொல்லி அவகாசம் கேட்டேன். மழைக்கு முன்னால் முதல் குட்டையை அள்ளியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாமா பழைய ரப்பர் பூட்ஸை எடுத்து வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிய முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க எறங்க வேணாம் மாமா. நான் லீவு போட்டுட்டு எறங்கறேன்."

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"உன் கால் என்ன சைஸ்?"

"எட்டு."

"இது ஒம்போது. துணி சுத்திப் போட்டுக்கோ."

அக்கா எழுந்து போனாள். தனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.