ஷூவைக் கழற்றியவர்

கல்லூரிக்காகப் பெங்களூரு போன மகள், தன் ஆமையை என்னிடம் விட்டுப் போனாள். நான் அதைப் பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, ராஜா மாதிரி வைத்திருந்தேன். ராஜா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

எங்கள் ஓசூர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரிடம் புலம்பினேன். பக்கத்துத் தளி ஊரிலிருந்து வருவதால் எல்லோருக்கும் அவர் தளிக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர், வீட்டின் பின்புறம் செங்கல் அடுக்கி, மண் கொட்டி, புல் பதித்து, உடைந்த பானையொன்றைக் கவிழ்த்து வைத்தார். அந்த மண்ணில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் சேஃப்டி ஷூவைக் கழற்றினார்.

மறுநாள் காலை ஆமையைக் காணோம். கட்டிலடியில் தேடினேன். தெருமுனை வரை ஓடினேன். எதிர்வீட்டுக்காரர், “எவ்ளோ வேகத்துல போச்சு சார்?” என்று கேட்டார். மகளிடம் சொல்ல வேண்டிய பொய்யை ஒத்திகை பார்த்தபடி மண்வெட்டியோடு நின்றபோது தளிக்காரர் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, பானையருகே பொலபொலவென்றிருந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

“உள்ளதான் கீது சார். குளிருக்குக் குழி பறிச்சிப் படுத்துனு கீது.”

“தோண்டிப் பாத்துடலாமா?”

“நீங்க தூங்கறப்ப யாராச்சும் வூட்டக் கொத்திப் பாத்தா சும்மா வுடுவீங்களா?”

வெயில் ஏறியதும் ஆமை மண்ணை உதறிக்கொண்டு வந்து கீரையைக் கடித்தது. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஏன் ஷூவைக் கழற்றுகிறார் என்று அவரிடம் கேட்டதே இல்லை. நேற்று வீடியோ காலில் மகள் கேட்டாள்: “ஏம்ப்பா வெறுங்காலோட நிக்கிற?”

“மெதுவாப் பேசும்மா,” என்றேன். “தூங்குது.”