ரெண்டாம் நம்பர் ஜோடி

செஞ்சி கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த சிங்காரவேலுவை யாராவது "பாவம், சாது" என்றால் எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்து சைக்கிள் கடைக்காரன் நான். அந்தச் சாது ஒரு வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

பொங்கலுக்கு எங்கள் கடைத்தெருவில் மூணு சீட்டுப் போட்டி நடக்கும். காசு கிடையாது. ஆளுக்கொரு படி புளியங்கொட்டை, தீர்ந்தவன் எழுந்து போக வேண்டியதுதான். கடைசியாகத் தோற்றவன் மட்டும் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஜெயித்தவன் சொல்லிக்கொடுப்பதை உரக்கக் கத்த வேண்டும்.

அறுபத்து நாலில் கடைசியாக மிஞ்சியவர்கள் சிங்காரவேலுவும் மளிகைக்கடை கோதண்டராமனும். இவன் கையில் ரெண்டாம் நம்பர் ஜோடி, ஜோடியிலேயே சின்னது. அவர் கையில் ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் மனுஷன் கொட்டையை அள்ளி அள்ளிப் போட்டார். இவன் மிரண்டுபோய்ச் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான். அந்தப் பயம் விடவே இல்லை, மிச்சக் கொட்டையும் போயிற்று.

அன்றைக்குத்தான் இவன் மகள் மங்கையைப் பெண் பார்க்கப் பனமலையிலிருந்து வருவதாக இருந்தார்கள். கேசரிக்கு ரவையும் சர்க்கரையும் கோதண்டராமன் கடையில்தான் வாங்கியிருந்தான். எல்லாம் தெரிந்தே, அந்தப் படுபாவி பனமலை பஸ் வந்து நிற்கும்வரை காத்திருந்து கத்தச் சொன்னார்.

"ஜோடி கையில இருந்தும் பயந்துட்டேன். நான் ஒரு தொடைநடுங்கி!"

பஸ்ஸை விட்டு இறங்கிய மாப்பிள்ளையின் நைனா அதைக் கேட்டார். "இந்த சம்பந்தம் நமக்கு வாணாம்" என்று அதே பஸ்ஸில் திரும்பி ஏறிவிட்டார். பட்டுப் புடவையோடு உட்கார்ந்து மங்கை அழுததை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகும் சிங்காரவேலு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பொழுதுபோக்குக்கு நாங்கள் போடும் சீட்டாட்டத்துக்கு வந்தான். சின்ன ஜோடி வந்தால் போதும், எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கவிழ்ப்பான்.

"பயமா இருக்குது மொதலாளி. நான் வரல."

கோதண்டராமன் தொடையைத் தட்டிச் சிரிப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உனுக்கு ரோஷமே இல்லியாடா?"

ஊசியில் நூல் கோத்தபடி, "பொங்கல் வரட்டும்ணா" என்றான்.

வந்தது. அன்று சின்ன ஜோடி விழுந்தபோதெல்லாம் யோசிக்காமல் கொட்டையைத் தள்ளினான். இந்தப் பயந்தாங்கொள்ளியே தள்ளுகிறான் என்றால் கையில் என்னமோ பெரிசாக இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். கடைசியில் மறுபடியும் அதே இருவர்.

கோதண்டராமன் பாதிக் குவியலை வைத்தார். சிங்காரவேலு தன்னுடையதை மொத்தமாகத் தள்ளினான். அவருக்கு வியர்த்துவிட்டது.

"இவன் சும்மா தள்ளமாட்டான்யா" என்று சீட்டைத் தூக்கி எறிந்தார். ரெண்டு ராஜா!

சிங்காரவேலு தன் சீட்டை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். ரெண்டாம் நம்பர் ஜோடிதான். கூட்டம் ஊளையிட்டது. மானம் போன கோபத்தில் அடுத்த ஆட்டத்தில் சீட்டைப் பார்க்காமலேயே மிச்சத்தையும் வைத்தார் கோதண்டராமன். அதுவும் போச்சு.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே, கத்த வேண்டியதைச் சிங்காரவேலு சொல்லிக்கொடுத்துவிட்டான்: "ரெண்டு ராஜா இருந்தும் டெய்லருக்குப் பயந்துட்டேன். போன வருஷம் இவன் பொண்ணு கல்யாணத்தைத் தெரிஞ்சேதான் கெடுத்தேன்."

பஸ் ஸ்டாண்டில் அப்போது ஈ காக்கை இல்லை. சட்டென்று முடித்துவிடலாம் என்று கோதண்டராமன் வாயைத் திறந்தார்.

சிங்காரவேலு கையைக் காட்டி நிறுத்தினான்.

"இன்னா அவசரம், மொதலாளி? பனமலை பஸ் வரட்டும்."