ஆத்தாளுக்கு விட்டுக்கொடுத்த உப்பு

இனிமேல் இவள் எதற்கும் ஆக மாட்டாள் என்று என் காதுபடச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

மூன்று வருடம் ஆகிறது. சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. அறுந்த இழையை முடியக் குனிந்தேன். சம்மட்டியால் போட்ட மாதிரி தலைக்குள் ஒரு வலி. வலது கை விழுந்துவிட்டது. ஆளைக் கூப்பிட நாக்கு வரவில்லை. கண் விழித்தபோது திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பிரஷர் ஏறி மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. மறுபடி ஏறி வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வாய் வராவிட்டால் என்ன, மனசு இருக்கிறதே! எங்கள் ஊர்க் கோமதி அம்மனைத் திட்டித் தீர்த்தேன். ‘ஏத்தா, பொறந்ததுலேருந்து உன் வாசல்லதான கெடக்கேன்? எனக்கா இந்தக் கதி? கையக் குடு. குடுக்காம ஒன்னய விடமாட்டேன்.’ சாமியிடம் இப்படியா கேட்பது என்பீர்கள். பெற்றவளிடம் வேறு எப்படிக் கேட்பது? கொஞ்ச நாளில் கட்டைவிரல் அசைந்தது. பேச்சும் மெல்லத் திரும்பியது.

தினமும் மாத்திரை, உப்பைக் குறை என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் யார் கேட்டார்கள்? புளியங்குடியிலிருந்து என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா, என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார். கையில் ஒரு ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாய்.

"ஏட்டி, உப்பு ஒறப்பு இல்லாம கஞ்சி எப்படி எறங்கும்? டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவா."

பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கஞ்சிக்கு ஊறுகாய், சோற்றுக்குக் கருவாடு. வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டுக்காரரும் அக்கா பக்கம். அடுத்த முறை பிரஷர் பார்த்த நர்ஸ், "சாகணும்னு முடிவு பண்ணிட்டியளா?" என்று கத்தினார்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். ‘உயிரைக் குடுத்துட்டு இவங்க கையில மாட்டி விட்டுட்டியே, இதுக்கு ஒரு வழி சொல்லு’ என்று நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நேர்ச்சையாக உப்பும் மிளகும் கொட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், எனக்கு வழி கிடைத்துவிட்டது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், இலையில் வைக்கிற உப்பு, எல்லாவற்றையும் இனித் தொடுவதில்லை என்று அன்றைக்கே அம்மனுக்கு விட்டுக்கொடுத்தேன். மாத்திரையை ஒரு நாளும் விடமாட்டேன் என்று சூடத்தின் மேல் சத்தியமும் செய்தேன்.

மறுநாள் மதினி ஊறுகாயோடு வந்தார்.

"மதினி, அத ஆத்தாளுக்கு விட்டுக்குடுத்தாச்சு. அவகிட்டருந்து பிடுங்கித் திங்கச் சொல்லுதியளா?"

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜாடியை எடுத்துவிட்டார். டாக்டர் சொல்லி நடக்காதது நேர்ச்சை என்றதும் நடந்தது பாருங்கள்!

பிரஷர் இறங்கியதும் மதினி அடுத்த பேச்சை ஆரம்பித்தார். "அதான் கொறஞ்சிட்டுல்லா? கோயில் புத்துமண்ணு இருக்க, மாத்திர எதுக்கு? ஆத்தா மேல நம்பிக்க இல்லியா?"

"புத்துமண்ணும் பூசுதேன், மாத்திரையும் போடுதேன். சாமி முன்னால பண்ணுன சத்தியத்த மீறச் சொல்லுதியளா? அந்தப் பாவம் ஒங்களுக்குத்தான்" என்றேன். அவர் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினேன்.

இப்போது பழைய தறிக்கே திரும்பிவிட்டேன். சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். போன மாதம் மதினி தலை சுற்றுகிறது என்று வந்தார். நானே கூட்டிப்போய்ப் பிரஷர் பார்த்தேன். ஏறிக் கிடந்தது. அவரையும் கோயிலுக்கு இழுத்துப் போய் ஊறுகாயை விட்டுக்கொடுக்க வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டார்.

என்னைப் போல விழுந்து எழுந்தவர்களே, அம்மனை நம்புங்கள். உரிமையோடு சண்டை போட்டுக் கேளுங்கள், கொடுப்பாள். ஆனால் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்.